கஜேந்திரா சர்க்கிளுக்கு வழி: ஐஐடி மெட்ராஸ் வளாகத்தை பிக்சல் விளையாட்டாக்கிய விதம்

வளாக விளையாட்டு என்றதும் கட்டடங்களை வரைவதில்தான் பலரும் இறங்குகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது தூரம். ஐஐடி மெட்ராஸ் ஏறத்தாழ 250 ஹெக்டேரில் காடும் சாலையுமாக விரிந்த இடம். வரைபடத்தை நிரப்பும் சிறு சதுரப் படம்தான் டைல்; டைலுக்கு 2 மீட்டர் என்று அப்படியே வரைந்தால் ஒரு கிலோமீட்டர் சாலை 500 டைல் நீளும். நொடிக்கு 5 டைல் நடந்தாலும் 100 நொடிக்கு மரங்களைத் தவிர வேறொன்றும் வராது. இது பிரவுசரில் ஓடும் விளையாட்டு; அதற்குள் விளையாடுபவர் பக்கத்தை மூடிவிடுவார்.

ஆகவே நேர்ச்சாலைகளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினோம். திருப்பங்களில் கை வைக்கவில்லை. டெல்லி அவென்யூவும் பான் அவென்யூவும் ஆசிரியர் குடியிருப்பு வழியாக வந்து, யானைச் சிலை நிற்கும் ரவுண்டானாவான கஜேந்திரா சர்க்கிளில் சேர்வதும், அங்கிருந்து எந்தப் பக்கம் போனால் எது வரும் என்பதும் உள்ளபடியே இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் மனத்தில் நிற்பது மீட்டர் கணக்கு அல்ல, யானைச் சிலை தாண்டி எந்தப் பக்கம் என்பதுதான்.

அடிப்படைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடம் போதும். விளையாட்டுக்குள் அதன் பெயரைக் குறிப்பிடுவது உரிம நிபந்தனை. அதை டைல் வரைபடம் வரைய உதவும் டைல்டு செயலியில் பின்னணிப் படமாக வைத்து, மேலே 16×16 பிக்சல் டைல்களால் வரைந்து, பிரவுசர் விளையாட்டுக்கான நிரல் தொகுப்பான ஃபேசர் 3-இல் ஓட்டினோம். டைல்களின் தொகுப்பான டைல்செட் தனிக் கோப்பாக இருந்தால் ஃபேசர் படிக்காது. வரைபடக் கோப்புக்குள்ளேயே பொதிக்க வேண்டும். வரைபட அடுக்குகளைச் சுருக்காமல் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எண்களாக) சேமியுங்கள். பக்கத்தை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் படங்களை ஏற்ற பிரவுசர் விடாது. பைத்தானோடு வரும் சிறு சர்வரை ஓட்டித் திறக்கவும்.

நடக்கும்போது டைல்களுக்கு நடுவே மெல்லிய கோடு மின்னும். பக்கத்து டைலின் நிறம் ஓரத்தில் கசிவதால் வருவது அது. ஒவ்வொரு டைலின் விளிம்பையும் 1 பிக்சல் வெளியே நீட்டி, டைல்செட் அமைப்பில் மார்ஜின் (ஓர இடைவெளி) 1, ஸ்பேசிங் (டைல்களுக்கு இடையிலான இடைவெளி) 2 என்று கொடுத்தால் நின்றுவிடும். திரை 320×180 என்றால் 4 மடங்கில் 1280×720, 6 மடங்கில் 1920×1080. இடையில் 4.5 மடங்கு என்று விட்டால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் முகமே கோணிவிடும். பாத்திரம் 16×24 பிக்சல்; சுவரில் முட்டுவதைக் கணிக்கும் மோதல் பெட்டி காலடியில் 10×8 மட்டும். உடல் முழுக்க வைத்தால் ஒரு டைல் அகல வாசலில் சிக்கிக்கொள்ளும்.

அதிக கவனம் கேட்பது தமிழ் உரையாடல். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு படம் வைத்திருக்கும் பிட்மேப் எழுத்துரு இதற்கு ஆகாது. குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும்; "கெ"யில் கொம்பு முன்னால் நிற்பதும் "கொ"வில் இரு பக்கமும் பிரிவதும் அதில் நடக்காது. விளையாட்டு வரையப்படும் 320×180 கேன்வாஸில் எழுதினாலோ புள்ளியும் சுழியும் கரைந்துபோகும். உரையாடல் பெட்டியை கேன்வாஸுக்கு மேலே சாதாரண எச்டிஎம்எல் ஆக வைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் காட்டுங்கள். எழுத்து எழுத்தாகத் தோன்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்கை (உரையை) குறியீட்டு எண் வரிசையில் வெட்டக் கூடாது. அப்படி வெட்டினால் "நூலகம்" முதலில் "நூலகம" என்று வந்து, பிறகுதான் புள்ளி விழும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) முழு எழுத்தாகப் பிரித்துத் தரும்.

வினாடி வினா வேண்டாம். சரயு விடுதியிலிருந்து மத்திய நூலகத்துக்கு ஒரு புத்தகம், காவேரி விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு சீட்டு என்று போய்வரும் வேலைகளே வழியைப் பதிய வைக்கும். அம்புக்குறி முதல் பணிக்கு மட்டும். தொடர்ந்து காட்டினால் கண் அம்பிலேயே இருக்கும், கட்டடம் மனத்தில் ஏறாது. புள்ளிமானும் வெளிமானும் உலவும் வளாகம் என்பதால் மான்களை விட்டுவிடாதீர்கள். அவை ஓடுவதற்கு நான்கு பிரேம் (அசைவுப் படம்) போதும்.

கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரியது சிறியது பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும்; பொருந்தாவிட்டால் 404 (கோப்பு இல்லை) என்ற பிழை தரும். கைபேசியில் முதல் தொடுதலுக்குப் பிறகே ஒலி எழும். அதனால் "தொடங்கு" பொத்தான் ஒன்று கட்டாயம்.