நம்ம ஆளுங்க பேர் எங்கே?

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம். ஆனால் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம்தான் மனதில் தைத்துவிட்டது.

ஜப்பானிய ராணுவம் 1942-43இல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்துப் போட்ட, அந்தப் பாலமும் அடங்கிய 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகளில் 6,982 பேர் இங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நாட்டவர். பசி, காலரா, மலேரியா, அடி. புல்தரையில் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப் பலகை. மகள் குனிந்து வயதை மட்டும் படித்துக்கொண்டே போனாள். இருபத்திரண்டு, இருபத்து நாலு, இருபத்து மூணு. "எல்லாரும் நம்ம சித்தப்பாவைவிடச் சின்னவங்கப்பா."

அப்புறம்தான் கேட்டாள். "நம்ம ஆளுங்களும் இங்கே வேலை செஞ்சாங்கன்னு ரயில்ல சொன்னியே. அவங்க பேர் எங்கே?"

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை இந்த வேலைக்குக் கொண்டுபோனார்கள். கூலி தருவதாக ஆசைகாட்டியும், ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றியும். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று எல்லோரையும் சேர்த்து, இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்கிறார்கள். கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. நம்மவர்களுக்கு எழுதவும் ஆளில்லை, தேடவும் ஆளில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லக்கூட ஆளில்லாமல் முகாம் முகாமாகக் காலராவில் போனார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பத்து வயதுக்குச் சொல்லலாமா என்று தயக்கம் இருந்தது. ஆனால் கேட்ட பிறகு மழுப்பக் கூடாது.

"சின்னப் பிள்ளைங்களும் வந்தாங்களா?"

வந்தார்கள். சிலர் மனைவி மக்களோடுதான் போனார்கள்.

பக்கத்திலேயே வாட் தாவோர்ன் கோயில். அதன் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து ஒரு தூபி எழுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் போனோம். அவள் தூபியைச் சுற்றி வந்து நாலு பக்கமும் பெயர் தேடினாள். "இத்தனை பேருன்னு தெரியுது, யாருன்னு தெரியலையா?" அந்த எண்ணிக்கையே உத்தேசம்தான் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்குமே, கேட்டு எழுதலாமே என்கிறாள். சரி, கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர் பெயரையும் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். அவள் ஒரு நோட்டு போட்டு வைத்திருக்கிறாள்.