பிஇ ஹானர்ஸ், டிஸ்டிங்ஷன் ரெண்டும் வாங்க நான் போன ரூட்டு

ஜூனியர்ஸ் நிறைய பேர் "அக்கா ஹானர்ஸ் எப்படி வாங்குனீங்க, சிஜிபிஏ எவ்ளோ வேணும்"னு கேட்டுட்டே இருக்காங்க (சிஜிபிஏன்னா எல்லா செமஸ்டர் கிரேடும் சேர்ந்த சராசரி, பத்துக்கு), ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு மாள முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஒரு அஃபிலியேட்டட் காலேஜ்ல சிஎஸ்இ, 2021ல சேர்ந்து 2025ல முடிச்சேன், அதாவது ரெகுலேஷன் 2021க்கு (யுனிவர்சிட்டியோட பாடத்திட்ட, பாஸ் விதிமுறைக்கு) முதல் பேட்ச், கீழ சொல்ற ரூல் எல்லாம் அதுப்படி தான். முதல் பேட்ச்னா கேட்டுக்க சீனியரே கிடையாது, எல்லாத்துக்கும் அந்த ரெகுலேஷன் பிடிஎஃப் தான் கதி. அட்டானமஸ் காலேஜ் (பாடத்திட்டமும் எக்ஸாமும் தானே நடத்தற காலேஜ்) பசங்களுக்கு ரூல் கொஞ்சம் மாறும், உங்க காலேஜ் ரெகுலேஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

ஃபர்ஸ்ட் விஷயம், ஹானர்ஸ் வேற டிஸ்டிங்ஷன் வேற. ஃபைனல் இயர் வரைக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டு இருந்தவங்க எங்க கிளாஸ்லயே இருந்தாங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்னா சிஜிபிஏ 8.50 அல்லது அதுக்கு மேல, எட்டு செமஸ்டர் பேப்பரும் முதல் தடவையே பாஸ், எல்லாம் அஞ்சு வருஷத்துக்குள்ள, அதோட அட்டெண்டன்ஸ் இல்லாம எந்த செமஸ்டர்லயும் எக்ஸாம் எழுத விடாம நிறுத்தியிருக்கக் கூடாது. இதுக்கு எக்ஸ்ட்ராவா எதுவும் படிக்க வேண்டாம். ஹானர்ஸ் அப்படி இல்ல, ரெகுலர் பாடம் போக கூடுதலா 18 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கற வெயிட்டேஜ் அளவு) எடுக்கணும், அதாவது மூணு கிரெடிட் பேப்பர் ஆறு. சிஜிபிஏ 7.50 இருந்தா போதும், ஆனா இதுலயும் எல்லாம் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல க்ளியர் ஆகியிருக்கணும். ஆக 8.6 வச்சிருக்கறவருக்கு ஹானர்ஸ் இல்லாம போகலாம், 7.7 வச்சிருக்கறவர் ஹானர்ஸ் வாங்கிட்டுப் போகலாம்.

என்னைக் கேட்டா சிஜிபிஏ எல்லாம் அப்புறம், ரெண்டுக்குமே உயிர்நாடி அந்த ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட் தான். எங்க கிளாஸ்ல ஒருத்தன், நல்லா படிக்கிறவன், கடைசில என்னை விட சிஜிபிஏ அதிகம், முதல் செமஸ்டர்ல மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்ங்கற மேத்ஸ் பேப்பர் மட்டும் அரியர் விழுந்துச்சு (அதாவது ஃபெயில், திரும்ப எழுதணும்), அடுத்த அட்டெம்ப்ட்லயே நல்ல கிரேடோட க்ளியரும் பண்ணிட்டான், ஆனாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும் தான். முதல் செம்ல பாதி பேர் ஹாஸ்டல் சாப்பாடு பழகறதுக்கே நேரம் போயிடும், அந்த நேரத்துல விழற ஒரு பேப்பர் நாலு வருஷம் கழிச்சு வந்து நிக்குது. அதனால டிஸ்டிங்ஷன் வேணும்னா மூணாவது வருஷத்துல உக்காந்து யோசிக்கிறதுல பிரயோஜனம் இல்ல, முதல் இன்டர்னல்ல இருந்தே ஆரம்பிச்சிடுது.

பாஸ் மார்க்லயும் ஒரு கண்ணி இருக்கு. இன்டர்னல் (காலேஜ்லயே போடற மார்க்) 40, எக்ஸாம் 60 (நூறுக்கு எழுதறதை அறுபதுக்கு மாத்திடுவாங்க), மொத்தம் 50 வந்தா பாஸ்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா எக்ஸாம்ல தனியா 45 சதவீதம் வரணும். அதாவது நூறு மார்க் பேப்பர்ல 44 எடுத்தா, இன்டர்னல் நாப்பதுக்கு நாப்பதே இருந்தாலும் அரியர் தான். "இன்டர்னல் நல்லா இருக்கு, தப்பிச்சிடுவேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒருவேளை விழுந்துட்டா உடனே மனசு விட்டுடாதீங்க, ஆன்சர் ஷீட் போட்டோகாப்பி வாங்கி, அந்த சப்ஜெக்ட் ஸ்டாஃப் கிட்ட காட்டி, அவங்க போடலாம்னு சொன்னா ரீவேல்யுவேஷன் போடுங்க, அதுல பாஸ் ஆனா அது ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட் தான். கடைசி தேதி சீக்கிரம் வந்துடும், ரிசல்ட் வந்த சோகத்துல ரெண்டு நாள் போர்வை போத்தி படுத்துட்டீங்கன்னா அதுவும் போச்சு.

இன்னொண்ணு, இது தெரியாம நிறைய பேர் டிஸ்டிங்ஷனை விட்டுடறாங்க. என் ரூம்மேட்டுக்கு செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல அம்மை போட்டுடுச்சு, அவ பரவால்ல மாஸ்க் போட்டுட்டுப் போய் எழுதிடறேன்னு அடம் பிடிச்சா, எங்க கிளாஸ் அட்வைசர் மேடம் தான் ஃபோன்ல "எழுதாதே, சும்மா ஆப்சென்ட்டும் ஆகாதே, வித்ட்ராயல் லெட்டர் குடு"ன்னாங்க. ஆப்சென்ட் ஆனா அது ஒரு அட்டெம்ப்ட் போன கணக்கு, வித்ட்ராயல் அப்ரூவ் ஆச்சுன்னா அட்டெம்ப்ட்டா எடுத்துக்க மாட்டாங்க, அடுத்த செமஸ்டர்ல எழுதி பாஸ் பண்ணா டிஸ்டிங்ஷன் அப்படியே இருக்கும். ஆனா மொத்தப் படிப்புலயும் ஏதாவது ஒரு செமஸ்டருக்கு மட்டும் தான் இது கிடைக்கும், எக்ஸாம் எழுத மத்த தகுதி எல்லாம் இருக்கணும், சாதாரணமா பத்து நாள் முன்னாடியே குடுக்கணும், திடீர்னு வர்ற கேஸை தனியா பார்ப்பாங்க. அவ அப்பா மெடிக்கல் சர்டிபிகேட்டை எடுத்துட்டு பஸ் ஏறி வந்து, எச்ஓடி கையெழுத்து, பிரின்சிபல் கையெழுத்துன்னு ஒரு முழு நாள் வராண்டாவுல நின்னாரு. அவளும் டிஸ்டிங்ஷன் தான் வாங்குனா.

இப்ப ஹானர்ஸுக்கு வருவோம். அஞ்சாவது செமஸ்டர்ல இருந்து தான் எக்ஸ்ட்ரா பேப்பர் எடுக்க முடியும், ஆனா வடிகட்டறது அதுக்கு முன்னாடியே, மூணாவது செமஸ்டர் முடிய சிஜிபிஏ 7.50 இருக்கணும், அதுவரைக்கும் எல்லாப் பேப்பரும் க்ளியர் ஆகியிருக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, முதல் ரெண்டு செமஸ்டர்ல 45 கிரெடிட்டுக்கு 7.3ல நிக்கறீங்க, மூணாவதுல 23 கிரெடிட்னு வச்சுக்கோங்க, அந்த செமஸ்டர்ல மட்டும் 7.9 எடுத்தா தான் மொத்தம் 7.5 தொடும். நாலு கிரெடிட் பேப்பர்ல ஒரு கிரேடு ஏறினா ரெண்டு கிரெடிட் லேப்ல ரெண்டு கிரேடு ஏறின மாதிரி, அதனால எதுக்கு நேரம் போடறோம்னு பார்த்துப் போடுங்க. லேபை விட்டுடுங்கன்னு சொல்லல, அதுல தான் ஓ கிரேடு (பத்துக்குப் பத்து பாயின்ட்) ஈசியா விழும்.

எக்ஸ்ட்ரா பேப்பர் ஆறும் உங்க டிபார்ட்மென்ட் வெர்டிக்கல்ல இருந்தே எடுக்கணும். வெர்டிக்கல்னா டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டின்னு குரூப் குரூப்பா எலெக்டிவ் (நாமளே தேர்ந்தெடுக்கற பேப்பர்) பிரிச்சிருப்பாங்க. ஆறும் ஒரே வெர்டிக்கல்னா அந்த ஸ்பெஷலைசேஷன் பேரோட ஹானர்ஸ், கலந்து எடுத்தா வெறும் ஹானர்ஸ். வேற டிபார்ட்மென்ட் வெர்டிக்கல்ல 18 கிரெடிட் எடுத்தா அது மைனர் டிகிரி, ஃபின்டெக், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் மாதிரி பொதுவான வெர்டிக்கலும் மைனருக்கு உண்டு, எங்க பக்கத்து பெஞ்ச் பொண்ணு யுபிஎஸ்சி கனவுல பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் எடுத்தா.

பேப்பர்ல இப்படி அழகா இருக்கும், டிபார்ட்மென்ட்ல வேற கதை. எனக்கு சைபர் செக்யூரிட்டி முழுசா எடுக்கணும்னு ஆசை, ஆனா அதுக்கு பேர் குடுத்தது எங்களை மாதிரி கொஞ்ச பேர் தான், அந்த கூட்டத்துக்கு தனி ஸ்டாஃப் போட முடியாதுன்னுட்டாங்க, கடைசில டேட்டா சயின்ஸும் கிளவுடும் கலந்து எடுத்தேன். கிளாஸ் சனிக்கிழமை, இல்லன்னா காலேஜ் முடிஞ்சு சாயங்காலம், பஸ்ல வர்றவங்க பாடு திண்டாட்டம். ஒரு பேப்பர் என்பிடெல்ல (ஐஐடிக்காரங்க நடத்தற ஆன்லைன் கோர்ஸ்ல) பண்ண டிபார்ட்மென்ட்ல ஒத்துக்கிட்டாங்க. மூணு கிரெடிட் வேணும்னா 12 வார கோர்ஸா இருக்கணும், அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல போய் எழுதற எக்ஸாமுக்கு 75. கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடியே எந்தப் பேப்பருக்கு பதிலா எடுத்துக்கறாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்வார்த்தைக்கு மதிப்பே கிடையாது.

இருக்கறதுலயே கஷ்டம் ஆறாவது செமஸ்டர் தான். சிஎஸ்இக்கு அந்த செமஸ்டர்ல ரெகுலராவே நாலு எலெக்டிவ், அதோட சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், எம்பெடட், ஓபன் எலெக்டிவ் (வேற டிபார்ட்மென்ட் பேப்பர்) எல்லாம் இருக்கு, அது மேல ரெண்டு ஹானர்ஸ் பேப்பர். இன்டர்னல் வாரத்துல காலையில ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு எழுதிட்டு சனிக்கிழமையும் எழுதிட்டு இருந்தோம், மத்தவங்க எல்லாம் பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் போட்டுட்டு இருக்காங்க. பாதில விட்டவங்க இருக்காங்க, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, ரூல்படி எடுத்த எக்ஸ்ட்ரா பேப்பரை ரெகுலர் எலெக்டிவுக்கு பதிலா கணக்குல எடுத்துப்பாங்க, அதிகமா இருந்தா நல்ல கிரேடு வந்தது தான் சிஜிபிஏவுக்கு போகும். அதனால சந்தேகமா இருந்தா அஞ்சாவது செமஸ்டர்ல எடுத்துப் பாருங்க, முடியலன்னா இறங்கிடலாம்.

ஹால் டிக்கெட் வந்ததும் எக்ஸ்ட்ரா பேப்பர் கோடு அதுல இருக்கான்னு பாருங்க. எங்களுக்கு ஒரு தடவை ரிஜிஸ்ட்ரேஷன் லிஸ்ட்லயே விட்டுப் போச்சு, கிளாஸ் அட்வைசர் டேபிள்ல இருந்த பிரின்ட்அவுட்டை வரி வரியா பார்த்ததால தான் முன்னாடியே மாட்டுச்சு.

டிஸ்டிங்ஷனுக்கு கடைசி நேரக் கணக்கு இப்படி. எட்டாவது செமஸ்டர்ல ப்ராஜெக்ட் மட்டும் 10 கிரெடிட். மொத்தம் 162 கிரெடிட்னு வச்சுக்கோங்க, ஆறாவது முடிய 136 கிரெடிட்டுக்கு 8.42ல இருக்கீங்க. ப்ராஜெக்ட்ல ஓ வாங்கினா ஏழாவது செமஸ்டர்ல 8.3 எடுத்தாலே 8.50 வந்துடும், ப்ராஜெக்ட்ல ஏ ப்ளஸ் (ஒன்பது பாயின்ட்) தான்னா ஏழாவதுல 8.9 கிட்ட வேணும். ப்ராஜெக்ட்ல ஒரு கிரேடு அவ்ளோ தூரம் இழுக்குது. அதனால ப்ராஜெக்டை காசு குடுத்து வெளிய வாங்கற ஐடியா இருந்தா விட்டுடுங்க, ரிவியூல ஒரே கேள்வில மாட்டிப்பீங்க.

ஒர்த்தான்னு கேட்டா, வேலைக்குன்னா ஹானர்ஸை எனக்கு வந்த எந்த கம்பெனியும் கேக்கல, ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் க்ளியர் ஆகாதது) இருக்கா, ஹிஸ்டரி ஆஃப் அரியர் (முன்னாடி எப்பவாவது விழுந்தது) இருக்கா, அவங்க கேக்கற சிஜிபிஏ கட்ஆஃப் இருக்கா, அவ்ளோ தான். அந்தப் பாடத்துல நிஜமாவே ஆசை இருக்கு, மேல படிக்கற பிளான் இருக்குன்னா எடுங்க, பேருக்காக எடுத்தா ஆறாவது செமஸ்டர்ல அழுவீங்க. டிஸ்டிங்ஷனை மட்டும் யாரும் லேசுல விட்டுடாதீங்க, அதுக்கு தனியா ஒரு கிளாஸும் உக்கார வேண்டாம்.

லேட்டரல் என்ட்ரி (டிப்ளமா முடிச்சு நேரா ரெண்டாவது வருஷத்துல, அதாவது மூணாவது செமஸ்டர்ல சேர்ற) பசங்களும் கேட்டிருந்தீங்க, உங்களுக்கு டிஸ்டிங்ஷன் கண்டிஷன் அதே தான், ஆறு செமஸ்டர் பேப்பரும் முதல் தடவையே நாலு வருஷத்துக்குள்ள முடிச்சு 8.50. ஹானர்ஸுக்கு மூணாவது செமஸ்டர் வரைக்கும்னு ரூல் இருக்கறதால நீங்க சேர்ற முதல் செமஸ்டரே உங்களுக்கு மொத்தக் கணக்கும், சேர்ந்த வாரமே எச்ஓடி கிட்ட போய் பேசிடுங்க.