55 கிலோ

மார்ச் 3, திங்கள்
அக்காவின் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ஹெர்-டூ என்ற இடத்தில் 2+ என்று போட்டிருக்கிறது. 3+ என்றால் ஊசி உண்டு, 0 அல்லது 1+ என்றால் அந்த ஊசியால் பலன் இல்லை, இது ரெண்டுங்கெட்டான். ஃபிஷ் டெஸ்ட் பார்க்கணுமாம். 17ஆம் குரோமோசோமில் ஹெர்-டூ ஜீன் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டதிலிருந்து காசிமேட்டுப் பக்கம் போகவில்லை, மீன் ஆகாது என்று நினைத்துவிட்டாள். யாரும் திருத்தவில்லை.

மார்ச் 5
ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 8, சனி
இரவு இரண்டு மணி. தூக்கம் இல்லை, படித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஊசியின் பெயர் ட்ராஸ்டுசுமாப், 1998இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. புற்றுசெல்லின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்-டூ புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நான் இதை ஆடி மாசம் எங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். "வளரு, வளரு" என்று கத்துகிற ஒவ்வொரு குழாயின் வாயிலும் துணி அடைக்கிற வேலை. ஆனால் உள்ளே ஜீன் கூடுதல் பிரதியாக இருக்கும்வரை புதுக் குழாய் வந்துகொண்டேதானே இருக்கும்? அதற்குத்தான் இ1ஏ. ஜலதோஷம் தருகிற அடினோ வைரஸின் ஜீன் அது, ஹெர்-டூ ஜீனையே அடக்கிவைக்கிறது. வயரையே பிடுங்குவது மாதிரி. அந்த ஜீனைக் கொழுப்புத் துளிக்குள் வைத்து மார்பக, சூலகப் புற்றுநோய் உள்ளவர்களின் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் செலுத்தி முதல் கட்ட ஆய்வு செய்து 2001இல் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? துணியும் அடைத்து வயரையும் பிடுங்கினால்? அக்காவுக்கு 41 வயது. டாக்டரம்மாவிடம் கேட்டே ஆகவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்
லேபிலிருந்து போன். அனுப்பிய ஸ்லைடு சரியில்லையாம், கட்டியின் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கே வேண்டுமாம். இதைச் சொல்ல ஒரு வாரமா? நாங்கள் தினமும் போன் பண்ணினோம், "ப்ராசஸ்ல இருக்கு" என்றுதான் சொன்னார்கள். பிளாக்கை வாங்கிக் கைப்பையில் வைத்துத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். தீப்பெட்டி அளவுகூட இல்லை. அக்காவின் உடம்பில் ஒரு துளி அதற்குள் இருக்கிறது என்று நினைத்ததும் பையைக் கீழே வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

மார்ச் 14, வெள்ளி
பௌர்ணமி. திருவொற்றியூரில் வடிவுடையம்மனைப் பார்க்க அவ்வளவு கூட்டம். அக்கா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள். திரும்பும்போது மெடிக்கல் ஷாப்பில் எடை பார்த்தோம். 54. போன மாசம் 57.

மார்ச் 19, புதன்
ஃபிஷ் பாசிட்டிவ்.
நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அக்கா என் முகத்தையே பார்த்தாள். வேகமாகப் பரவுகிற வகை, ஆனால் பிடிக்க ஒரு இடம் இருக்கிற வகை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஜீன் சிகிச்சையைக் கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்கள். "நீ படிச்சது சரிதாம்மா. ஆனா ஊசி போட்டா ஜீன் எல்லா புற்றுசெல்லுக்கும் போய்ச் சேரணும், வழியில நம்ம எதிர்ப்புச் சக்தியே அதை அழிச்சிடும். இன்னும் நோயாளிக்குக் கொடுக்குற நிலைமைக்கு வரல. இப்போ கையில இருக்குறதை முழுசா கொடுப்போம்." முழுசா என்றால் மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒரு வருஷம், முதல் சில தடவை கீமோவோடு சேர்த்து.

வழியில் எங்கே அழிகிறது? கல்லீரலிலா? கேட்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 24
எக்கோவில் இதயம் பம்ப் பண்ணுவது 62 சதவீதம். இந்த ஊசி இதயத்தைத் தொடுமாம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை பார்க்கணும்.

மார்ச் 26, புதன்
எடை 55. முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், 440. குப்பியிலும் 440 என்றே அச்சிட்டிருந்தது. அக்காவிடம் காட்டினேன், "உனக்குன்னே அளந்து வெச்சிருக்காங்க" என்றேன், சிரித்தாள்.

ஒன்றரை மணி நேரம் ஏறணும். நாற்பதாவது நிமிஷம் நடுக்கம் வந்துவிட்டது, பல் கிட்டித்தது. நர்ஸக்கா உடனே நிறுத்தி, வேறு ஊசி போட்டு, போர்வை கொண்டுவந்தார். முதல் தடவை வருவதுதானாம், அரை மணி கழித்து மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். அந்த அரை மணி நேரமும் குப்பியில் மீதி எவ்வளவு என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் ஏறியது.

மார்ச் 27
காய்ச்சல் 99. கண்டெய்னர் லாரி போகிற சத்தத்திலும் எழாமல் தூங்குகிறாள். கஞ்சி அடுப்பில் இருக்கிறது, எழுந்ததும்