நடுத்தர நகரத்தில் வீடு, அரை மணியில் வயல்

நடுத்தர நகரத்தின் பெரிய வசதி, தூரம் குறைவு. மையத்திலிருந்து 8 கிலோமீட்டரில் வயல்வெளி என்றால் சைக்கிளிலேயே அரை மணி நேரம்தான். வயல்பக்கம் இரவில் சீக்கிரம் சூடு தணியும்; பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் அங்கே குறைவு.

ஆனால் ஞாயிறு காலையில் மட்டும் வீடு பார்த்து மயங்கிவிடாதீர்கள். வேலைநாளில் காலை 8 மணிக்கும், இரவு 9 மணிக்கு மேலும் போய்ப் பாருங்கள். கடைசி பஸ் எப்போது என்று நிறுத்தத்தில் நிற்பவரிடம் கேளுங்கள் (அட்டவணை வேறு கதை சொல்லும்). செல்போன் சிக்னலை வாசலில் அல்ல, உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள்.

முக்கியமானது தண்ணீர். குழாய் இணைப்பு எட்டாத விளிம்பில் கிணறோ ஆழ்துளைக் கிணறோதான் கதி. கோடைக் கடைசியில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பக்கத்து வயலின் உரத்திலிருந்து நைட்ரேட் என்ற உப்பு நிலத்தடி நீரில் இறங்கலாம். நிறமோ வாசனையோ காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாகி இன்னும் அடர்த்திதான் கூடும். கைக்குழந்தைகளுக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம்; அப்படிக் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரின் ஆய்வகப் பரிசோதனை முடியும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள்.