சுழியம் நான்கு

பினாங்கில் பிறந்து வளர்ந்து, கோலாலம்பூரில் வேலைக்கு அமர்ந்த எனக்கு, 04 என்ற தொலைபேசிக் குறியீடு ஊர்ப்பெயருக்கு நிகரானது. கெடாவுக்கும் பெர்லிசுக்கும் அதுவே குறியீடு என்பதால், சுங்கை பட்டாணியில் இருந்த அத்தையை அழைக்க வீட்டுத் தொலைபேசியில் ஏழு இலக்கங்களைச் சுழற்றினாலே போதும். நீரிணையைக் கடந்தும் அவர் எங்கள் ஊர்க்காரராகவே இருந்தார். தலைநகரிலோ சிலாங்கூரையும் சேர்த்து 03, எட்டு இலக்கங்கள்.

கைப்பேசி எண்கள் 01 என்று தொடங்குவதால், அழைப்பவர் ஈப்போவா, ஜொகூரா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. இது எனக்கு உண்மையான இழப்பாகவே தோன்றுகிறது. சென்ற தைப்பூசத்துக்கு ஊர் போனபோது, லெபோ பாசாரில் ஒரு பூக்கடையின் பழைய பலகையில், மஞ்சள் வண்ணம் உதிர்ந்து, கடைப்பெயர் பாதி அழிந்தும் 04 மட்டும் தெளிவாக நின்றதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இன்னும் வீட்டுத் தொலைபேசியை விடவில்லை. அலுவலகக் கூட்டத்தின் நடுவே திரையில் 04 ஒளிர்ந்தால், எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

“சாப்பிட்டியாய்யா?”

“சாப்பிட்டேம்மா, சொல்லுங்க.”