எதிராஜ் சாலையின் மேசன்கள்

எழும்பூர் எதிராஜ் சாலையில், ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) என்ற சகோதரத்துவ அமைப்பின் ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருப்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை. பேய், பூஜை, உலகத்தையே ஆட்டிவைக்கும் கூட்டம்... யூடியூப் புண்ணியம்!

எனக்குப் பிடித்தது அவர்களுடைய பழைய விதி ஒன்று: லாட்ஜுக்குள் (தங்கும் விடுதி அல்ல, மேசன்களின் கிளைச் சபை) மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது. லண்டனில் 1723-ல் அச்சான சட்டப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. இந்திய லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே மேடையில் இருக்கும். அவரவர் நூலின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கிறார்கள். 1770-களிலேயே ஆற்காடு நவாப்பின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் மேசன் ஆகிவிட்டார். நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு இந்த விதியை யாராவது கொண்டுவந்தால் நானே சந்தா கட்டுவேன்.

ஆனால் எல்லாரும் சகோதரர் என்று சொல்லிவிட்டு, 1961-ல் தொடங்கிய இந்திய கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமைச் சபை) இன்னும் ஆண்களை மட்டுமே சேர்க்கிறது. அதுவும் பெண்கள் கல்லூரி இருக்கும் அதே சாலையில்! அடையாறு அன்னி பெசன்ட், ஆணும் பெண்ணும் சமமாக அமரும் மேசன் பிரிவில் சேர்ந்தது 1902-ல். இளைஞர்கள் வருவதில்லை என்று கவலைப்படும் பெரியவர்கள், பாதிப் பேருக்குக் கதவையே திறக்கவில்லை என்பதை யோசித்தார்களா?