ஆவ்ரூப்னா ஆர்டரா?

ஸ்வீடன்ல, கோத்தன்பர்க்ல ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனில பர்ச்சேஸ்ல சேர்ந்தப்போ என் வேலைல பாதி, ஸ்வீடிஷ் பேப்பர்ஸை இங்கிலீஷுக்கு மாத்தி போலந்து சப்ளையருக்கு அனுப்புறதுதான். ஃபக்தூரான்னா இன்வாய்ஸ், ஃபோல்யெசேடெல்னா சரக்கோட வர்ற டெலிவரி நோட், மொம்ஸ்னா வாட் வரி, அது பெரும்பாலும் 25 சதவீதம். இதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடுச்சு. ஒஃபெர்ட்ட மட்டும் ஆஃபர்னு போட்டுட்டேன், அவங்க ஏதோ தள்ளுபடின்னு நெனச்சு எவ்வளவு கொறைக்கணும்னு கேட்டாங்க, அப்புறம்தான் கொட்டேஷன்னு மாத்துனேன்.

நல்லா மாட்டுனது ஆவ்ரூப்ல. வருஷத்துக்கு 1200 பேரிங் இந்த விலைக்குன்னு மொதல்லயே ஒரு ஒப்பந்தம் போட்டுடுவாங்க, அப்புறம் மாசாமாசம் 100 அனுப்புன்னு கேட்டு வாங்கிப்பாங்க, அந்தக் கேக்குறதுக்குப் பேருதான் ஆவ்ரூப். நம்ம வீட்ல மாசக் கணக்குக்கு பால் சொல்லிவெச்சுட்டு, இன்னைக்கு ரெண்டு பாக்கெட் போடுங்கன்னு சொல்ற மாதிரி. நான் பாட்டுக்கு ஆர்டர்னு எழுதிட்டேன். அவங்க அதைப் புது ஆர்டரா பதிஞ்சு, ஒப்பந்தத்துல உள்ள 100 ஒரு பக்கம், என்னோட 100 இன்னொரு பக்கம்னு ரெண்டு பேலட் வந்து எறங்குச்சு. ஸ்டோர்ஸ்ல இருந்த பெரியவர் ஒண்ணும் சொல்லல, ஃபோல்யெசேடெல் ரெண்டையும் என் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டார். அவர் திட்டியிருந்தாகூட பரவாயில்ல.

சரின்னு டிக்‌ஷனரிய பாத்தேன், கால்-ஆஃப்னு இருந்துச்சு. வியாபார இங்கிலீஷ்ல அதுதான் சரியான வார்த்தை, தப்பே இல்ல. அடுத்த மாசம் அதையே போட்டேன். மறுநாளே போன், ஏன் கேன்சல் பண்ணிட்டீங்கன்னு! சாதாரண இங்கிலீஷ்ல கால் ஆஃப்னா வேணாம்னு சொல்றதாச்சே. சரியான வார்த்தையப் போட்டும் திட்டு வாங்குன ஆள் நானாத்தான் இருப்பேன். அதுக்கப்புறம் வார்த்தைய விட்டுட்டு, ஒப்பந்த நம்பர் இது, அதுல இருந்து 100 பீஸ், வருஷத்தோட 36ஆவது வாரம் அனுப்புங்கன்னு முழு வாக்கியமாவே எழுத ஆரம்பிச்சேன். கூடவே தேதியும். ஏன்னா ஸ்வீடன்ல எல்லாமே வார நம்பர்தான், டெலிவரியும் மீட்டிங்கும் லீவும்கூட.

இவ்ளோ உஷாரான பிறகும் ஜூலைல ஒண்ணு தப்பிச்சுப் போயிடுச்சு. மெயில் அடியில செமேஸ்டர், 28லிருந்து 31ஆவது வாரம்னு இருந்துச்சு, இங்கிலீஷ் மாதிரியே இருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன். ஸ்வீடிஷ்ல செமேஸ்டர்னா லீவு. போலந்துல இருந்து பதில் வந்துச்சு: உங்க ஆபீஸ்ல எல்லாரும் காலேஜ் படிக்கிறீங்களா?